நூரியின் வாய்க்கு ஏற்ற கடிவாளம்

என் வீட்டுக்காரர் ரியாத்தில் இருந்துகொண்டு எங்கள் ஊர் லப்பைக்குடிக்காட்டில் குதிரை ஓட்டிய மனிதர். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு அன்றும் சிரிப்பு வரவில்லை, இன்றும் வரவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, அவர் போன் போடுவார். பிள்ளைகள் எப்படி, அம்மாவுக்குச் சர்க்கரை எப்படி என்பதெல்லாம் மூச்சு விடாமல் ஒரே வரியில் முடிந்துவிடும். அப்புறம் குதிரைதான். தலையைத் தூக்கி நிற்கிறதா, கடிவாள வாரை இழுத்தால் உடனே நிற்கிறதா, கொட்டுச் சத்தத்துக்குக் கால் எடுத்து வைக்கிறதா. நான் "ம்", "சரிங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். போன் கார்டு அவருடையது, அதனால் பேச்சும் அவருடையது.

அவர் பெயர் ஜியாவுதீன். அங்கே ஒரு அரபி வீட்டில் கார் டிரைவர். அந்த அரபிக்கு ஊருக்கு வெளியே பண்ணை உண்டு, பண்ணையில் குதிரை லாயம் உண்டு. எஜமானை இறக்கிவிட்டுத் திரும்ப ஏற்றிக்கொள்ளும்வரை இவர் ஏ.சி. காருக்குள் உட்கார்ந்து கண்ணாடி வழியாகக் குதிரைகளைப் பார்த்திருக்கிறார். ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. அந்த ஞானத்தோடுதான் 2003-இல் லீவில் வந்தவர், ஆடி மாதம் அந்தியூர் சந்தைக்குப் போய், ஒரு மினி லாரியில் நூரியைக் கொண்டுவந்து இறக்கினார். என் கையில் கிடந்த வளையல்கள் அந்தச் சந்தையோடு போயின. லீவு முடிந்ததும் மனுஷன் விமானம் ஏறிவிட்டார். குதிரையை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்.

முதலில் எனக்கும் பயம்தான். வெள்ளை உடம்பு, மூக்கு மட்டும் ரோஜா நிறம், காது நுனி இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடும். கொல்லையில் மாட்டுக் கொட்டகையை ஒழித்து அவளைக் கட்டினோம். நான் ஜாக்கெட் தைக்கும் அறையின் ஜன்னல் அந்தக் கொட்டகையைப் பார்த்து இருக்கிறது. மிஷின் ஓடுவதை நிறுத்தினால் நூரியின் காது என் பக்கம் திரும்பும். ஈ உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோல் மட்டும் துடிக்கும். ஊறவைத்த கொள்ளைக் கையில் வைத்து நீட்டினால் உதட்டால் தடவி, என் விரலில் பல் படாமல் எடுத்துக்கொள்வாள். இவ்வளவு மென்மையாகச் சாப்பிடும் ஒரு பிராணியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் பிள்ளைகள் உட்பட.

குதிரை வாங்கியதற்குக் காரணம் என் கொழுந்தன் ஹக்கீமின் கல்யாணம். தை மாதம், பக்ரீதுக்கு முன்னால் நாள் குறித்திருந்தார்கள். என் வீட்டுக்காரருக்கு மறுபடி லீவு கிடைக்காது. ஆள் வர முடியாவிட்டாலும் குதிரை வர வேண்டும், மாப்பிள்ளையைச் சுமந்துகொண்டு அது ஆட வேண்டும், 'ஜியாவுதீன் குதிரை' என்று ஊர் பேச வேண்டும், அதை வீடியோவில் எடுத்து ரியாத்துக்கு அனுப்ப வேண்டும், அங்கே ரூமில் இருப்பவர்களுக்கு அவர் போட்டுக் காட்ட வேண்டும். இவ்வளவுதான் திட்டம்.

ஆடப் பழக்குவதற்கு ராசாங்கம் வந்தார். செந்துறைப் பக்கத்துக்காரர், அரியலூரில் கல்யாணக் குதிரை வைத்து நடத்துகிறவர். பஸ்ஸில் வந்து இறங்கி, ஒரு கோணிப்பையை அவிழ்த்து, அதிலிருந்து கடிவாளத்தை எடுத்தார். வாய்க்குள் போகும் இரும்புத் தண்டில் வரிசையாக முள் வைத்திருந்தது. மழுங்கிய முள்கூட இல்லை, ராவிக் கூராக்கிய முள்.

"இது என்னங்க ராசாங்கம், தேங்கா துருவுறதா?" என்று கேட்டேன்.

"முள்ளுக் கடிவாளம்மா. எங்க குதிரைங்க எல்லாத்துக்கும் இதான். முள்ளு இல்லாட்டி அது தலைய தூக்காது. தலைய தூக்காத குதிரை கழுதையாட்டம் இருக்கும்" என்றார்.

அவர் கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான், அதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. ஒரு கையால் கொட்டுத் தட்டுவார், இன்னொரு கையால் வாரைச் சுண்டுவார். ஒவ்வொரு சுண்டலுக்கும் நூரி தலையை வானத்துக்குத் தூக்கி முன்னங்கால்களை மாற்றி மாற்றி வைத்தாள். சுவரின் மேல் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெண்கள் "ஆடுது, ஆடுது" என்று கை தட்டினார்கள். வாயோரம் வழிந்த நுரை இளஞ்சிவப்பாக இருந்ததை நான் பார்த்தேன்.

அவர் போன பிறகு ஊறவைத்த கொள்ளு எடுத்துக்கொண்டு போனேன். நூரி வாசனை பிடித்தாள், வாயைத் திறக்கவில்லை. வெல்லத்தைக் காட்டி உதட்டை விலக்கிப் பார்த்தேன். நாக்கின் நடுவில் ஒரு வெட்டு. முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லே இல்லாத ஒரு இடம் குதிரைக்கு உண்டு, இரும்பு அங்கேதான் உட்காரும். அந்த இடத்தில் ஈறு கிழிந்து புள்ளி புள்ளியாக ரத்தம் கட்டியிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. என்னை நம்பித்தானே அது கட்டுத்தறியில் நிற்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை அவர் பேசுவதை முதன்முறையாக இடைமறித்தேன். வாய் கிழிந்திருக்கிறது என்று சொன்னேன்.

"புதுசுல அப்படித்தான் இருக்கும். அந்த ராசாங்கம் பட்டிக்காட்டு ஆளு. அவன் சாமான் சரியில்ல. நான் இங்கேருந்து நல்ல கடிவாளமா அனுப்பறேன், பாரு" என்றார்.

அனுப்பினார். ரம்ஜான் முடிந்து ஊருக்கு வந்த ஒருவரின் பெட்டியில், கோடாலித் தைலத்துக்கும் சென்ட் பாட்டிலுக்கும் நடுவே, வெல்வெட் துணி சுற்றி வந்தது. பளபளவென்று வெள்ளிக் கொலுசு மாதிரி மின்னியது. கையில் எடுத்தால் அம்மிக்குழவி கனம். வாயின் இரண்டு பக்கமும் கீழ்நோக்கி ஒரு சாண் நீளத்துக்கு இரும்புக் கை, தாடைக்கு அடியில் மாட்ட ஒரு சங்கிலி. கடையில் இருந்ததிலேயே கனமானதும் விலை கூடியதும் இதுதானாம். நகைக்கடைக்குப் போகிற மாதிரி போயிருக்கிறார். கனமாக இருந்தால் நல்லது, மின்னினால் இன்னும் நல்லது, வெளிநாட்டு முத்திரை இருந்தால் கேட்கவே வேண்டாம். போடுகிறவளின் வாய் அளவு என்ன, தோல் எப்படி என்ற கேள்வியே அவருக்கு வரவில்லை. ஊரில் எங்கள் கல்யாணங்களுக்குச் சாமான் வாங்குவதும் இப்படித்தான் என்பதால், வந்து பார்த்த ஒருவருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. "மாஷா அல்லாஹ், பாரின் சாமான்" என்றார்கள்.

பெரிய அரபுக் குதிரைக்குச் செய்தது அது. நூரியின் சின்ன வாயில் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நின்றது. ராசாங்கத்துக்கு அதன் நீளக் கைகள் ரொம்பப் பிடித்துவிட்டன. "ரெண்டு விரலால இழுத்தாலே போதும்மா, பாதி மண்டைய புடிச்ச மாதிரி நிக்குது" என்றார். மூன்றாவது முறை இழுத்தபோது நூரி பின்னங்காலில் நின்றாள். கொட்டகைக் கூரையில் தலை இடித்து ஓடு உடைந்து விழுந்தது. ராசாங்கம் சாணிக்குழியில் போய் உட்கார்ந்தார்.

"திமிர் புடிச்ச குதிரைம்மா" என்றார் எழுந்து.

"வலிக்குதுன்னு சொன்னா திமிரா? உங்க வாயில மாட்டி நான் இழுக்கட்டுமா?" என்று கத்தினேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பாய் போன் பண்ணினால் பேசிக்கொள்கிறேன் என்று பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். நான் ஒரு ஆளாகவே கணக்கில் இல்லை.

அன்று மத்தியானம் அந்தப் பளபளக் கடிவாளத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு, என் வாயிலேயே வைத்துப் பார்த்தேன். பைத்தியக்காரி என்று யாராவது நினைத்திருந்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். மார்கழிக் குளிரில் அந்த இரும்பு பல்லைக் கூசச் செய்தது. அதன் நீள இரும்புக் கையை லேசாக அழுத்தினேன். மேல் அண்ணத்தில் இரும்பு ஏறியது, கண்ணில் தண்ணீர் வந்தது. லேசாகத்தான் அழுத்தினேன். அதை ஒரு ஆண்பிள்ளை முழுக் கையால் இழுத்தால் எப்படி இருக்கும் என்று யோசிக்க யோசிக்க ஆத்திரம் தாங்கவில்லை.

அந்த வாரம் பக்கத்தில் கால்நடை முகாம் நடந்தது. பெரம்பலூரிலிருந்து வந்திருந்த டாக்டர் புவனேஸ்வரியை விடாப்பிடியாக வீட்டுக்கு அழைத்து வந்தேன். "குதிரைய நான் கடைசியா பார்த்தது காலேஜ்லங்க. இங்க எல்லாம் ஆடும் மாடும்தான்" என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத்தான் அந்த அம்மா நூரியின் வாயைத் திறந்து பார்த்தார். விரலை உள்ளே விட்டுத் தடவினார்.

"இதுக்கு நாக்கு தடிமனு, அண்ணம் தாழ்வு. இரும்புக்கு வாயில இடமே கம்மி. போதாக்குறைக்குப் பழைய தழும்பு வேற இருக்கு. உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடியே யாரோ கிழிச்சிருக்காங்க" என்றார்.

"அப்ப எந்தக் கடிவாளம்தான் போடறது டாக்டர்?"

"புண்ணு ஆறுற வரைக்கும் எதுவும் வேணாம். ஆறின பிறகு போட்டுத்தான் ஆகணும்னா முள்ளு இல்லாம, நடுவுல மூட்டு இல்லாம, ரப்பர் சுத்தின வழுவழு தண்டா பாருங்க. நானா இருந்தா வாய்க்குள்ளாறயே எதையும் வுட மாட்டேன். மூக்கு மேல பட்டி போட்டு ஓட்டலாம். கேக்கற குதிரையா இருந்தா அதுவே போதும்."

நூரி கேட்கிற குதிரை. ஜன்னலிலிருந்து நான் 'உஸ்' என்றாலே திரும்புகிறவள். புண் ஆறிய பிறகு, முதலில் ஒரு மூட்டில்லாத தண்டில் ரப்பர் சுற்றிப் பார்த்தேன். வெந்நீரில் போட்டுச் சூடாக்கித்தான் வாயருகே கொண்டுபோனேன். அதைப் பார்த்ததுமே நூரி பல்லைக் கடித்துக்கொண்டு மூலைக்குப் போய்விட்டாள். இரும்பு எந்த வேஷத்தில் வந்தாலும் இரும்புதான் என்று அவளுக்குத் தெரியும். சரி, வேண்டாம் என்று கட்டில் நாடா வாங்கி வந்தேன். இரண்டு மடிப்பாக மடித்து மிஷினில் ஓட்டினேன். மூக்கின் மேல் வருகிற பட்டிக்கு உள்பக்கம் பிளானல் துணி வைத்துத் தைத்தேன். பட்டியை மூக்கு எலும்பின் மேலேயே இருக்கும்படி அளவெடுத்தேன், கீழே இறங்கினால் மூச்சு அடைக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு பக்கமும் வளையம், வளையத்தில் வார். மூன்று முறை பிரித்துத் தைத்தேன். ஒரு மணப்பெண் ஜாக்கெட்டுக்குக்கூட நான் அவ்வளவு மெனக்கெட்டதில்லை.

நூரி அதை மோந்து பார்த்தாள். நாடாதானே என்று தலையைக் கொடுத்தாள். வாரை விரலால் தொட்டால் அந்தப் பக்கம் திரும்பினாள், பிடித்தால் நின்றாள். நான்கு பக்கமும் சுவர் இருக்கிற கொல்லையில், யாரும் பார்க்காத நேரத்தில், நானே உரல் மேல் ஏறி அவள் முதுகில் உட்கார்ந்தேன். தென்னைமரங்களைச் சுற்றி நடந்து காட்டினாள். எனக்கு அன்று ஏற்பட்ட சந்தோஷத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதையும் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயம்.

ஹக்கீம் குவைத்திலிருந்து கல்யாணத்துக்கு வந்தான். அண்ணன் மனைவி என்பதால் என்னை மச்சி என்று கூப்பிடுவான். வெள்ளாற்று மணலில் அவனை நூரியின் மேல் ஏற்றிவிட்டேன். பயந்துகொண்டே உட்கார்ந்தவன், ஒரு சுற்று வந்ததும் சிரித்தான்.

"பஞ்சு மாதிரி போவுது மச்சி. ஆனா ஆடுமா? அண்ணன் ஆடணுங்கறாரே."

"உனக்கு விழாம போய்ச் சேரணுமா, ஆடணுமா?"

"போய்ச் சேந்தா போதும்" என்றான் அவன். உண்மையாகத்தான் சொன்னான்.

கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை போனில் சண்டை போட்டேன். சண்டை என்றால், வழக்கமான "சரிங்க" சொல்லவில்லை, அவ்வளவுதான். முள்ளும் வேண்டாம், பாரின் இரும்பும் வேண்டாம், நாடாவில்தான் போகும் என்றேன். "சரி சரி, நாடாவே போடச் சொல்றேன். ராசாங்கம்கிட்ட நானே சொல்லிடறேன். நீ மனச போட்டு குழப்பிக்காத" என்றார். நான் நம்பினேன். இத்தனை வருஷம் குடும்பம் நடத்திய மனிதர் சொன்னால் நம்பாமல் என்ன செய்வது? அந்த நாடாவைத் துவைத்துக் காயவைத்து, ஓரத்தில் ஜரிகை வைத்துத் தைத்து, கல்யாணத்துக்காகத் திரும்ப வந்த ராசாங்கத்தின் கையில் கொடுத்தேன்.

அஸர் தொழுகைக்குப் பிறகு, பொழுது சாயும் நேரத்தில் ஊர்வலம் புறப்பட்டது. பெண்கள் நாங்கள் மொட்டை மாடிகளில். பேண்ட் செட், வெடி, வீடியோக்காரரின் விளக்கு. ஹக்கீமின் முகத்தை மறைத்துப் பூச்சரம். நூரிக்கும் நெற்றியிலிருந்து வாய்வரை மல்லிகைச் சரத்தைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ராசாங்கம் தலைப்பக்கம் நடந்துகொண்டு வந்தார்.

தெருமுனை திரும்பியதும் பேண்ட் செட் வேகம் பிடித்தது. நூரி ஆட ஆரம்பித்தாள். தலையை வானத்துக்குத் தூக்கி, முன்னங்கால்களை மாற்றி மாற்றி வைத்து. "அல்லாஹு அக்பர், என்னமா ஆடுது!" என்று பக்கத்தில் நின்றவள் என் தோளைத் தட்டினாள். நாடாவில் நூரி இப்படித் தலையைத் தூக்க மாட்டாள். வலியில்தான் தூக்குவாள். விளக்கு வெளிச்சம் நேராக விழுந்தபோது பார்த்தேன். வாய்க்கு நேராகத் தொங்கிய மல்லிகைச் சரம் சிவப்பாக இருந்தது.

மாடியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. மேலே போர்த்தியிருந்த துப்பட்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போக, வெடிப் புகைக்குள் புகுந்து, ஆண்களை விலக்கிக்கொண்டு போய் நூரியின் முன்னால் நின்றேன். பேண்ட் செட்காரர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். பூச்சரத்தை அறுத்து எறிந்தேன். உள்ளே முள்ளுக் கடிவாளம். நாக்கின் ஓரம் பாதி அறுந்து தொங்கியது.

"யாரு போடச் சொன்னது?" என்றேன். குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

ராசாங்கம் தலையைக் குனிந்துகொண்டார். "பாய்தாம்மா சொன்னாரு. முந்தாநேத்து போன் போட்டாரு. பூவ போட்டு மறைச்சுடு, வூட்டுல சொல்லாதன்னாரு. நான் என்னம்மா பண்ணட்டும்?"

ஹக்கீம் பூத்திரையை ஒதுக்கிக் கீழே பார்த்தான். அவன் வெள்ளைச் சட்டையின் கையில் ரத்தம் தெறித்திருந்தது. முகம் வெளுத்துவிட்டது. குதிரையிலிருந்து இறங்கினான்.

கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் முன்னால் வந்தார். "என்னம்மா இது? பொம்பள நடுத்தெருவுல ஊர்வலத்த மறிச்சுக்கிட்டு? பொண்ணு வூட்டுல எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

"காத்திருக்கட்டும். வாயில்லாத ஜீவன இப்படி கிழிக்கறது நம்ம தீன்ல எங்க சொல்லியிருக்குன்னு பள்ளிவாசல் ஹஜ்ரத்த கேட்டுட்டு வாங்க. அதுவரைக்கும் நான் நகர மாட்டேன்" என்றேன். ரத்தம் சொட்டும் கடிவாளத்தைக் கழற்றி அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "இந்தாங்க, விரல வச்சுப் பாருங்க. எவ்வளவு கூர்னு பாருங்க." அவர் இரண்டடி பின்னால் போனார். பாரின் சாமானைப் பார்த்து மாஷா அல்லாஹ் சொன்னவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். ஒருவரும் கிட்டே வரவில்லை.

"நான் நடந்தே போறேன் மச்சி. நீங்க நூரிய கூட்டிட்டுப் போங்க" என்றான் ஹக்கீம். மாப்பிள்ளை நடந்துதான் பெண் வீட்டுக்குப் போனான். நிக்காஹ் நன்றாகத்தான் நடந்தது. குதிரை ஆடாததால் எந்தக் கல்யாணமும் நின்றுபோகாது.

நூரியின் தலையில் எதுவும் இல்லை. பிடரி மயிரில் கை வைத்துக்கொண்டு நடந்தேன். என் தோளை உரசிக்கொண்டே கூட வந்தாள். வழியெல்லாம் ரத்தம் சொட்டியது. நான் அழவில்லை. அழுகிற மாதிரி கோபம் அது இல்லை. டாக்டர் புவனேஸ்வரி பெரம்பலூரிலிருந்து வந்து கொட்டகையிலேயே மரக்கச் செய்து தையல் போட்டார். நாக்கின் ஒரு ஓரம் போய்விட்டது, இனி புல் மேய்வது சிரமம், கஞ்சியும் தவிடும் கரைத்துக் கொடுங்கள் என்றார்.

ஐந்து நாள் கஞ்சி கரைத்துக் கொடுத்துக்கொண்டு கொட்டகையிலேயே இருந்தேன். என் மாமியார், "அவன் ஏதோ ஆசைப்பட்டுட்டான், வுடும்மா" என்றார். விடவில்லை. வெள்ளிக்கிழமை போன் அடித்தது.

"வீடியோ எப்பக் கிடைக்கும்? ரூம்ல எல்லாரும் கேட்டுக்கிட்டே இருக்காங்க." இதுதான் முதல் வார்த்தை.

"நூரி நாக்குல தையல் போட்டிருக்கு."

"ஹக்கீம் சொன்னான். ஒரு நாளுதானே சம்சாத். ஒரு நாளுக்குப் பொறுத்துக்கக் கூடாதா? நடுத்தெருவுல வந்து என் மானத்த வாங்கிட்டியே."

"நாடாதான் போடச் சொல்றேன்னு எங்கிட்ட சொன்னீங்களே."

"நீ அழுவியேன்னு சொன்னேன். பொம்பளைக்கு எல்லாத்தையும் சொல்லிக்கிட்டா இருக்க முடியும்? சரி, அத வுடு. ராசாங்கம் குதிரைய எடுத்துக்கறேங்கறான். நாளைக்கு வருவான், புடிச்சுக் குடுத்துடு."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். பழைய சைக்கிளைக் கொடுத்துவிடு என்கிற மாதிரி. எனக்குள் இருந்த கடைசிப் பொறுமையும் அந்த நிமிஷம் போய்விட்டது.

"வரட்டும். கொட்டகை வாசல்ல நான் நிப்பேன். என் வளையல வித்து வந்த குதிரை அது. அத விக்கற பேச்சே இனி இந்த வூட்டுல கிடையாது. அது வாயில இனி எந்த இரும்பும் போவாது. உங்க பாரின் இரும்பையும் சேத்துத்தான் சொல்றேன். ஒரு வார்த்த என்கிட்ட நேரா சொல்லியிருந்தா நான் சண்ட போட்டிருப்பேன், தோத்தும் போயிருப்பேன். பூவ போட்டு மறைக்கச் சொன்னீங்க பாருங்க, அதத்தான் என்னால பொறுக்க முடியல."

"இந்தா, என்ன குரல் ஒசத்தற..."

"மிருகத்துக்கு வலிச்சா சொல்லத் தெரியாது. எனக்குத் தெரியும். இன்னைக்கு நான் பேசறேன், நீங்க கேளுங்க."

பேசினேன். நூரியிலிருந்து ஆரம்பித்தேன், அதோடு நிற்கவில்லை. என்னைக் கேட்காமல் பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் மாற்றியது, என் அத்தா மவுத்தானபோது கடைசியாக முகம் பார்க்கப் போக வேண்டாம் என்று போனில் தடுத்தது, எதைச் சொன்னாலும் "நீ மனச போட்டு குழப்பிக்காத" என்று வாயை அடைத்தது. எல்லாம் வரிசை இல்லாமல் வந்தது. அவர் இரண்டு முறை ஹலோ ஹலோ என்றார், கேட்காத மாதிரி. கேட்டுக்கொண்டுதான் இருந்தார், மூச்சு எனக்குக் கேட்டது. அப்புறம் கார்டு தீரப்போகிறது என்று ஒரு பெண் குரல் அரபியில் சொன்னது. லைன் அறுந்தது.

எங்கள் வீட்டுப் போனிலிருந்து வெளிநாட்டுக்குப் பேச முடியாது. அவரே அந்த வசதி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார். துப்பட்டியைப் போட்டுக்கொண்டு, தைத்துச் சேர்த்த காசை எடுத்துக்கொண்டு கடைத்தெரு ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போனேன். பூத்துக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இந்த ஊரில் அங்கேயிருந்துதான் போன் வரும், இங்கேயிருந்து போகாது.

"ரியாத்துக்கா? நிறைய ஆவுங்களே. மிஸ்டு கால் குடுத்தா அவரே பேசுவாரு."

"ஆவட்டும்" என்று கதவைச் சாத்திக்கொண்டேன்.

இரண்டாவது மணியில் எடுத்தார். "ஹலோ, யாரு?"

"நான்தான். இன்னும் முடிக்கல. கேளுங்க."